பிலிப்பைன்ஸ் நண்பர் நம் ஊருக்கு வர: விசா முதல் வீட்டுப் பதிவு வரை முழு வழிகாட்டி

துபாயிலோ தோஹாவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்தவர்களுக்குப் பிலிப்பினோ நண்பர் ஒருவராவது இருப்பார். ஆஸ்பத்திரி, ஹோட்டல், அலுவலக வரவேற்பு, சூப்பர் மார்க்கெட் கல்லா என்று எங்கு போனாலும் நமக்குப் பக்கத்து இருக்கை அவர்களுடையதுதான். ஊரில் கல்யாணம் என்றால் பத்திரிகை வைக்கிறோம், அவர்களும் உற்சாகமாக "வருகிறேன்" என்கிறார்கள். அதற்கப்புறம்தான் கேள்விகள் தொடங்கும். விசா கிடைக்குமா, எவ்வளவு செலவாகும், நாம் ஏதாவது கடிதம் தர வேண்டுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்திய விசாதான் இதில் சுலபமான பகுதி. எல்லோரும் அதைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். ஆனால் பயணம் கெடுவது பெரும்பாலும் மணிலா விமான நிலையத்தின் குடியேற்றக் கவுண்டரில். இன்னொரு சிக்கல், வந்து இறங்கியபின் நாம் செய்ய வேண்டிய பதிவைச் செய்யாமல் விடுவது. அதனால் விசாவைச் சுருக்கமாக முடித்துவிட்டு, மற்ற இரண்டில் கொஞ்சம் நிதானமாக நிற்கலாம்.

முதலில் கேட்க வேண்டியது: எங்கிருந்து கிளம்புகிறார்?

உங்கள் நண்பர் துபாயிலிருந்து நேராகச் சென்னைக்கு வருகிறாரா, அல்லது பிலிப்பைன்ஸிலிருந்து வருகிறாரா? வளைகுடாவில் வேலை செய்பவர் அங்கிருந்தே வந்து அங்கேயே திரும்பினால் இந்திய விசாவும், திரும்பிப் போகும் நாட்டின் செல்லுபடியாகும் வதிவிட அனுமதியும் இருந்தால் போதும். பிலிப்பைன்ஸ் அரசின் புறப்பாட்டு விதிகள் எதுவும் அவரைத் தொடாது. பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பினால் கதை வேறு.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டு. விடுமுறைக்கு மணிலா போய், அங்கிருந்து நம் ஊருக்கு வந்து, அப்படியே துபாய் வேலைக்குத் திரும்புகிற திட்டம். வெளிநாட்டு வேலைக்குத் திரும்பும் பிலிப்பினோக்கள் தாய்நாட்டை விட்டுக் கிளம்பும்போது ஓஇசி என்ற வேலைச் சான்று வைத்திருக்க வேண்டும். நடுவில் இந்தியா இருப்பதால் "நான் டூரிஸ்ட்தானே" என்று அதை எடுக்காமல் வந்து கவுண்டரில் விழிப்பவர்கள் உண்டு. அவர்களுடைய புலம்பெயர் தொழிலாளர் துறையிடம் பயணத் திட்டத்தைச் சொல்லி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். முடிந்தால் துபாயிலிருந்து வந்து துபாய்க்கே திரும்புவது நல்லது. என் ஓட்டு அதற்குத்தான்.

எந்த விசா

பிலிப்பைன்ஸ் பாஸ்போர்ட்டுக்கு இந்தியாவின் இ-விசா வசதி உண்டு. தூதரகத்துக்கு நேரில் போக வேண்டியதில்லை. ஊர் சுற்ற, நண்பர்களையும் உறவினர்களையும் பார்க்க, கல்யாணத்துக்கு வர என எல்லாவற்றுக்கும் இ-டூரிஸ்ட் விசாவே போதும். 2025 ஆகஸ்டில் பிலிப்பைன்ஸ் அதிபர் மார்கோஸ் டெல்லி வந்தபோது, அந்நாட்டவருக்கு இ-டூரிஸ்ட் விசாவை ஓராண்டுக்குக் கட்டணமில்லாமல் தருவதாக இந்தியா அறிவித்தது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் இந்தியர்களுக்கு 14 நாள் விசா இல்லாத நுழைவை அவர்கள் தந்திருந்தார்கள். ஓராண்டு என்பது கெடு வைத்த சலுகை. உங்கள் நண்பர் விண்ணப்பிக்கும் நாளில் அது நீடிக்கிறதா என்பது அரசுத் தளத்தின் கட்டணப் பட்டியலில் தெரிந்துவிடும்.

அரசுத் தளம் என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தேடுபொறியில் "இந்தியா இ-விசா" என்று போட்டால் முதலில் வருபவற்றில் பல, அசோகச் சக்கரமும் மூவர்ணமும் ஒட்டிக்கொண்ட தனியார் தளங்கள். இலவசமாகவோ சில டாலரிலோ முடிகிற வேலைக்கு நூறு டாலர் வரை கறந்துவிடுவார்கள். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த சொடுக்கு வேண்டாம். சரியான இணைப்பை நீங்களே திறந்து பார்த்து அனுப்பிவிடுவது உத்தமம்.

இ-டூரிஸ்ட் விசா 30 நாள், ஓராண்டு, ஐந்தாண்டு என மூன்று வகை. கல்யாணத்துக்கு வந்து போகிறவருக்கு 30 நாள் விசாவே தாராளம். அதில் இரண்டு முறை நுழையலாம் என்பதால் நடுவில் இலங்கைக்கு ஒரு நடை போய் வரவும் இடமுண்டு. இதற்கு வருகைத் தேதிக்கு முந்தைய 30 நாளுக்குள், குறைந்தது 4 நாள் முன்பாக விண்ணப்பிக்க வேண்டும். மற்ற இரண்டு வகைக்கும் 120 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம். நான்கு நாள் என்று போட்டிருக்கிறதே என்று கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள். புகைப்படம் சரியில்லை, பாஸ்போர்ட் நகல் மங்கல் என்று திருப்பி அனுப்பினால் அந்த நான்கு நாள் அதிலேயே கரைந்துவிடும். இரண்டு, மூன்று வாரம் முன்னால் போட்டுவிட்டால் தூக்கம் கெடாது.

படிவத்தில் எங்கே தடுமாறுவார்கள்

கையில் வேண்டியவை கொஞ்சம்தான். வருகை நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாகும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் கொண்ட பாஸ்போர்ட். வெள்ளைப் பின்னணியில் சதுரமான புகைப்படம், ஜேபெக் கோப்பாக 10 கேபி முதல் 1 எம்பிக்குள். பாஸ்போர்ட்டின் விவரப் பக்கம், பிடிஎஃப் ஆக 10 முதல் 300 கேபிக்குள். பிலிப்பைன்ஸில் எந்தத் தெருமுனை ஸ்டுடியோவிலும் 'டூ பை டூ' என்று கேட்டால் இரண்டு அங்குலச் சதுரப் படம் எடுத்துத் தருவார்கள். அங்கே பள்ளிக்கூடம் முதல் வேலை விண்ணப்பம் வரை அந்த அளவுதான். அச்சடித்த படத்தைச் செல்போனில் மறுபடி படம் பிடிக்காமல், ஸ்டுடியோவிலேயே கோப்பாக வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பெயரில்தான் குழப்பம் வரும். பிலிப்பினோக்களின் நடுப்பெயர் என்பது பெரும்பாலும் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர். கல்யாணமான பெண் கணவர் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டால், அவருடைய பழைய குடும்பப் பெயர் நடுப்பெயர் இடத்துக்கு நகர்ந்துவிடும். ஃபேஸ்புக்கில் ஒரு பெயர், அலுவலக அட்டையில் ஒரு பெயர் என்று இருப்பது அங்கே சாதாரணம். விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து அதுவே வர வேண்டும். "எப்போதாவது பெயரை மாற்றியதுண்டா" என்ற கேள்விக்குக் கல்யாணத்துக்கு அப்புறம் குடும்பப் பெயர் மாறியவர்கள் ஆம் என்று போட்டு, பழைய பெயரைத் தர வேண்டும்.

சில கேள்விகள் அவர்களுக்கு விசித்திரமாகத் தோன்றும். மதம் என்ன, உடலில் அடையாள மச்சம் உண்டா, பெற்றோரோ தாத்தா பாட்டியோ பாகிஸ்தானைச் சேர்ந்தவர்களா, கடந்த பத்தாண்டில் எந்தெந்த நாடு போனீர்கள் என்றெல்லாம் வரும். எல்லா விண்ணப்பதாரருக்கும் இதே கேள்விகள்தான் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் பதற மாட்டார்கள். கடைசிப் பகுதியில் இந்தியாவில் அறிந்தவர் ஒருவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் கேட்கும். அங்கேதான் உங்கள் வேலை. உங்கள் ஆதாரில் உள்ளபடி பெயரையும், கதவு எண், தெரு, ஊர், மாவட்டம், பின்கோடு என்று முழு முகவரியையும் ஆங்கிலத்தில் தட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். "பிள்ளையார் கோவில் பின்புறம்" என்பது படிவத்தில் நிற்காது. இதே முகவரியை அவர் இன்னும் இரண்டு இடத்தில் எழுத வேண்டியிருக்கும் என்பதால் ஒரே மாதிரி இருப்பது முக்கியம்.

ஈடிஏ தாளில் உள்ள தேதி

விசா கிடைத்ததும் மின்னஞ்சலில் தகவல் வரும். தளத்தில் விண்ணப்ப நிலை 'கிராண்டட்' என்று இருக்கிறதா பார்த்து, ஈடிஏ எனப்படும் மின்னணுப் பயண அனுமதித் தாளை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். செல்போனில் மட்டும் வைத்துக்கொண்டு வந்து, சென்னையில் இறங்கியதும் நெட் இல்லாமல் தவிப்பானேன்.

30 நாள் விசாவில் காலாவதித் தேதி என்று அச்சாகியிருப்பது, அதற்குள் இந்தியாவுக்குள் நுழைய வேண்டிய கடைசி நாள். தங்கும் 30 நாள், வந்து இறங்கிய நாளிலிருந்து தொடங்குகிறது. தாளில் மார்ச் 5 என்று இருந்து, நண்பர் பிப்ரவரி 20-ல் வந்தால், மார்ச் 5-ல் கிளம்பியாக வேண்டும் என்று பதறி டிக்கெட்டை மாற்ற வேண்டியதில்லை. அதே நேரம் இந்த விசாவை நீட்டிக்கவோ வேறு வகையாக மாற்றவோ முடியாது. 30-ஆவது நாளில் திரும்பும் டிக்கெட் போடாமல் ஓரிரு நாள் மிச்சம் வையுங்கள். விமானம் ரத்தானால் அந்த மிச்சம்தான் கைகொடுக்கும்.

டிக்கெட்டும் வழியும்

மணிலாவுக்கும் டெல்லிக்கும் இடையே ஏர் இந்தியா 2025 அக்டோபரில் நேரடி விமானம் தொடங்கியது. அதில் வந்தால் குடியேற்றமும் சுங்கமும் டெல்லியிலேயே முடிந்து, அங்கிருந்து உள்நாட்டு விமானம். தமிழ்நாட்டுக்கு வருபவர்கள் பெரும்பாலும் சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் வழியாக வருவார்கள். சென்னை, திருச்சி, கோவை எல்லாமே இ-விசா ஏற்கும் விமான நிலையங்கள்தான் என்பதால், தஞ்சாவூர்ப் பக்கம் வீடு என்றால் சிங்கப்பூரிலிருந்து நேராகத் திருச்சியில் இறக்கிவிடலாம்.

மலிவு டிக்கெட்டில் ஒரு கண்ணி உண்டு. மணிலா–சிங்கப்பூர் ஒரு நிறுவனம், சிங்கப்பூர்–சென்னை இன்னொரு நிறுவனம் என்று தனித்தனியாக எடுத்தால், பெட்டியை எடுத்துத் திரும்பக் கொடுப்பதற்காக நடுவில் குடியேற்றத்தைத் தாண்டி வெளியே வர வேண்டியிருக்கலாம். ஆசியான் நாட்டவர் என்பதால் பிலிப்பினோக்களுக்குச் சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்தில் விசா தேவையில்லை. ஆனால் மூன்று நாடுகளுமே இணையவழி வருகை அட்டை கேட்கின்றன. ஒரே டிக்கெட்டில், பெட்டி நேராகச் சென்னைக்கே போகும்படி இருந்து, டிரான்சிட் பகுதியை விட்டு வெளியே வராவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. முதல்முறை பயணிக்கு இரண்டாயிரம், மூவாயிரம் கூடினாலும் ஒரே டிக்கெட்டாக எடுப்பதே நிம்மதி.

மணிலா கவுண்டர்

இங்கேதான் வேலை இருக்கிறது. பிலிப்பைன்ஸ் தன் குடிமக்களையே வெளியே விடுவதற்கு முன் கேள்வி கேட்கும் நாடு. காரணம் ஆள்கடத்தல். டூரிஸ்ட் என்று சொல்லி அழைத்துப்போய் வீட்டு வேலைக்கும் மோசடி மையங்களுக்கும் விற்கப்பட்டவர்கள் ஏராளம். 2003-ல் ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் அமைந்த துறைகளுக்கிடையிலான குழு 2015-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளை வைத்துத்தான் குடியேற்ற அதிகாரிகள் கேட்கிறார்கள். திருப்தி இல்லையென்றால் பயணியை விமானத்தில் ஏற விடாமல் திருப்பி அனுப்பலாம். பிலிப்பினோக்கள் இதை 'ஆஃப்லோடு' என்பார்கள். உங்கள் நண்பரிடம் இந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

2022-ல் 32,404 பேர் இப்படி நிறுத்தப்பட்டதாகவும், அவர்களில் 472 பேர் ஆள்கடத்தலிலோ சட்டவிரோத ஆள்சேர்ப்பிலோ சிக்கியவர்கள் என்று கண்டறியப்பட்டதாகவும் அந்நாட்டு அரசே சொன்னது. அந்த விகிதத்தைப் பார்த்தால் கோபம் வரத்தான் செய்யும். ஒரு பெண்ணிடம் பள்ளி ஆண்டு மலரைக் காட்டச் சொன்ன விவகாரம் 2023-ல் பெரிதாக வெடித்தது. அதே ஆண்டு கூடுதல் ஆவணங்கள் கேட்கும் புதிய நெறிகளை அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் ஆகஸ்ட் 31 அன்று நிறுத்திவைத்தார்கள்.

எல்லோருக்கும் பொதுவான முதல் சோதனையில் பாஸ்போர்ட், விசா, போர்டிங் பாஸ், திரும்பும் டிக்கெட் ஆகியவற்றைத்தான் பார்ப்பார்கள். பெரும்பாலோர் அதோடு போய்விடுவார்கள். சிலரை இரண்டாம் விசாரணைக்கு அனுப்புவார்கள். முதல்முறை வெளிநாடு போகிறவர், சொந்த வருமானம் காட்ட முடியாதவர், உறவினர் அல்லாதவர் செலவில் போகிறவர், உறவில்லாத வெளிநாட்டவரோடு சேர்ந்து பயணிப்பவர் ஆகியோருக்கு அதற்கு வாய்ப்பு அதிகம். இப்போது உங்கள் நண்பரை நினைத்துப் பாருங்கள். இளம்பெண், முதல் பயணம், ஆன்லைனில் பழகிய இந்திய நண்பர் டிக்கெட் எடுத்துத் தந்திருக்கிறார். அதிகாரி சந்தேகப்படுவதில் தவறு சொல்ல முடியாது.

என்ன செய்யலாம்? முடிந்தவரை டிக்கெட்டை அவரே தன் கணக்கிலிருந்து எடுக்கட்டும். நீங்கள் உதவ நினைத்தால் இங்கே வந்தபின் உதவுங்கள். வேலை செய்பவர் என்றால் நிறுவனத்தின் வேலைச் சான்று, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை விடுப்பு என்ற கடிதம், அலுவலக அட்டை, சில மாத வங்கிக் கணக்கு. சொந்தத் தொழில் என்றால் வணிகப் பதிவு. மாணவர் என்றால் கல்லூரிச் சான்று. இவை எல்லாவற்றையும் கேட்பார்கள் என்றில்லை, ஆனால் கேட்கும்போது பையிலிருந்து எடுத்துக் கொடுத்தால் பேச்சு குறையும்.

உங்கள் பக்கத்திலிருந்து ஒரு அழைப்புக் கடிதம். இந்திய இ-டூரிஸ்ட் விசாவுக்கு அது தேவையே இல்லை, மணிலாவில் காட்டத்தான். எப்படிப் பழக்கம், எத்தனை ஆண்டாகத் தெரியும், எந்த நிகழ்ச்சிக்கு வருகிறார், எத்தனை நாள், எந்த வீட்டில் தங்குகிறார், செலவு யாருடையது என்று ஒரு பக்கத்தில் எளிய ஆங்கிலத்தில் எழுதிக் கையொப்பமிட்டு, உங்கள் பாஸ்போர்ட் நகலோடு அனுப்புங்கள். கல்யாணம் என்றால் பத்திரிகையைவிட நல்ல சான்று இல்லை. நம் பத்திரிகைகளில் ஆங்கிலப் பக்கமும் இருக்குமே, அதைப் படமாக அனுப்பி அச்செடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள் என்றால் சேர்ந்து எடுத்த பழைய படங்கள் செல்போனில் இருக்கட்டும்.

அதைவிட முக்கியம் பதில்கள். "ஹோட்டலில் தங்குகிறேன்" என்று போலி முன்பதிவைக் காட்டிவிட்டு, விசா விண்ணப்பத்தில் உங்கள் வீட்டு முகவரியைத் தந்திருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வார். யார் வீட்டுக்குப் போகிறீர்கள், அவர் உங்களுக்கு என்ன வேண்டும், அங்கே என்ன செய்யப் போகிறீர்கள், எப்போது வேலைக்குத் திரும்ப வேண்டும் – கேள்விகள் இப்படித்தான் வரும். தோழியின் கல்யாணம், மதுரை, எட்டு நாள், பதினைந்தாம் தேதி டூட்டி. இவ்வளவு தெளிவாகச் சொல்பவரை நிறுத்தக் காரணம் கிடைக்காது.

காதலர், நிச்சயிக்கப்பட்டவர், கணவர் என்ற உறவு இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். வெளிநாட்டவரின் வருங்கால மனைவியாகவோ மனைவியாகவோ கிளம்புபவர்கள், சிஎஃப்ஓ எனப்படும் வெளிநாடுவாழ் பிலிப்பினோக்கள் ஆணையத்தின் ஆலோசனை அமர்வில் கலந்துகொண்டு சான்று பெற வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை. அந்த உறவை மறைத்து 'ஃபிரண்ட்' என்று சொல்வது, செல்போனைத் திறந்து காட்டச் சொன்னால் நொடியில் உடையும். பதினெட்டு வயதுக்குக் கீழானவர் பெற்றோர் இல்லாமல் வந்தால் சமூகநலத் துறையின் பயண அனுமதியும் வேண்டும்.

மற்ற இரண்டும் சிறிய வேலை. புறப்பாட்டுக்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் பிலிப்பைன்ஸ் அரசின் இ-டிராவல் தளத்தில் பதிந்து க்யூஆர் குறியீடு எடுக்க வேண்டும், இது இலவசம். இன்னொன்று பயண வரி. எகானமி வகுப்புக்கு 1,620 பெசோ, முதல் வகுப்புக்கு 2,700. இந்த வரியை ரத்து செய்ய வேண்டும் என்ற பேச்சு அங்கே நெடுநாளாக ஓடுகிறது. சில நிறுவனங்கள் டிக்கெட்டோடு சேர்த்தே வாங்கிவிடும், எனவே ரசீதைப் பார்த்துவிட்டு வரிசையில் நிற்கச் சொல்லுங்கள். இவ்வளவும் இருப்பதால் விமானத்துக்கு நான்கு மணி நேரம் முன்பே விமான நிலையத்தில் இருப்பது நல்லது. இரண்டாம் விசாரணையில் பாஸாகியும் விமானத்தைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

பெட்டியில் என்ன கூடாது

முதலில் வேப். பிலிப்பைன்ஸில் சர்வசாதாரணம், இந்தியாவில் மின் சிகரெட் 2019 முதல் தடை. வீட்டிலேயே விட்டுவிட்டு வரட்டும். மது இரண்டு லிட்டர் வரை தீர்வையில்லை. வெளிநாட்டவர் இந்திய ரூபாய் நோட்டுகளைக் கொண்டுவரக் கட்டுப்பாடு உண்டு, எனவே "முன்கூட்டியே மாற்றி வைத்துக்கொள்" என்று யோசனை சொல்லாதீர்கள். ரொக்கமாக 5,000 டாலருக்கு மேல் வெளிநாட்டுப் பணம் இருந்தால் இங்கே அறிவிக்க வேண்டும். அங்கிருந்து கிளம்பும்போது 50,000 பெசோவுக்கு மேல் உள்ளூர்ப் பணம் எடுத்துவர மத்திய வங்கி அனுமதி வேண்டும்.

சென்னையில் இறங்கும்போது

2025 அக்டோபர் முதல் வெளிநாட்டவருக்கு இ-அரைவல் கார்டு வந்துவிட்டது. வருகைக்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் நிரப்பிவிட வேண்டும், கட்டணம் இல்லை. உங்கள் முகவரியும் எண்ணும் இங்கே மறுபடி வேண்டும். கவுண்டரில் ஈடிஏ தாளையும் பாஸ்போர்ட்டையும் கொடுத்தால் கைரேகை, புகைப்படம் எடுத்து முத்திரை குத்துவார்கள். நகர்வதற்கு முன் முத்திரையில் தேதியை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். வெளியே வந்து திருத்துவது பெரும்பாடு.

உங்கள் வீட்டில் தங்கினால்: சி படிவம்

இது நம்மில் பலருக்குத் தெரியாது, அல்லது ஹோட்டல்காரர்களுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். வெளிநாட்டவர் யாரைத் தங்கவைத்தாலும், அது சொந்த வீடாக இருந்தாலும், வந்த 24 மணி நேரத்துக்குள் எஃப்ஆர்ஆர்ஓ எனப்படும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு இணையவழி தெரிவிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டமும் இந்தக் கடமையை நம்மீதுதான் வைத்திருக்கிறது. ஊர் வழக்கில் இன்னும் சி படிவம் என்றே சொல்கிறார்கள்.

வீட்டு உரிமையாளராக எஃப்ஆர்ஆர்ஓ தளத்தில் முதலில் கணக்கு தொடங்க வேண்டும். அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்கும். கணக்கு ஒப்புதல் ஆகச் சில நாள் இழுக்கக்கூடும் என்பதால் நண்பர் விமானம் ஏறுவதற்கு இரண்டு வாரம் முன்பே இதை முடித்துவிடுங்கள். வந்த அன்று அவருடைய பாஸ்போர்ட் எண், விசா எண், வருகைத் தேதி, அடுத்து எங்கே போகிறார் என்பதை நிரப்பி, ஒரு புகைப்படம் ஏற்றினால் முடிந்தது. ஒப்புகையை அச்செடுத்து வையுங்கள். நடுவில் கொடைக்கானலில் இரண்டு இரவு ஹோட்டல் என்றால் அந்தப் பதிவை ஹோட்டல்காரர் பார்த்துக்கொள்வார். அதற்காகத்தான் பாஸ்போர்ட்டும் ஈடிஏ தாளும் ஊர் சுற்றும்போதும் அவர் பையில் இருக்க வேண்டும். அந்தமானின் சில பகுதிகள், வடகிழக்கின் எல்லைப் பகுதிகள் போன்ற கட்டுப்படுத்தப்பட்ட இடங்களுக்கு இந்த விசா மட்டும் போதாது.

திரும்பும்போது இந்தியப் பக்கம் பெரிதாக எதுவும் இல்லை, எந்த அனுமதிக்கப்பட்ட விமான நிலையம் வழியாகவும் வெளியேறலாம். ஆனால் மணிலாவில் இறங்க அவர் இ-டிராவலில் மறுபடி பதிய வேண்டும், போகும்போது எடுத்த க்யூஆர் இதற்குச் செல்லாது. கிளம்புவதற்கு முந்தின இரவு உங்கள் வீட்டு வைஃபையிலேயே உட்கார்ந்து முடித்துவிடச் சொல்லுங்கள்.